கொட்டாங்குச்சியில் ஒரு ஹெட்ஃபோன்

தஞ்சாவூர் வீணைக்குப் பலா, நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு ஆச்சா. ஹெட்ஃபோன் கூட்டுக்கு டெல்டாக்காரர்கள் மரம் தேடி அலைய வேண்டாம், கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சியே போதும். ஓடு கெட்டி, லேசில் அதிராது. கூடு செய்து ஒயர் வைப்பது ஒரு மதிய வேலை. சத்தத்தைப் பதப்படுத்துவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

தேவையானவை: 40 மி.மீ., 32 ஓம் டிரைவர், அதாவது சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், ஒரு ஜோடி (இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும்), 3 மி.மீ. பிளைவுட், இயர் பேட், 3.5 மி.மீ. ஜாக் வைத்த ஒயர், பழைய ஹெட்ஃபோனின் தலைப்பட்டை, பஞ்சு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்.

1. கூடு

ஒரே அளவில் இரண்டு முற்றிய தேங்காய் எடுத்து, ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்து, இரண்டிலும் கண் இருக்கும் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அதுவே ஒயர் போகும் வழி. விளிம்பை மட்டமாக்க, சிமெண்டுத் தரையில் உப்புத்தாளை விரித்து ஓட்டைக் கவிழ்த்துத் தேயுங்கள். இந்தத் தூசு படியும் இடத்தில் டிரைவரை வைக்காதீர்கள். ஆக்ஸா பிளேடின் இரும்புத்தூளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் சவ்வு கரகரக்கும்.

பிளைவுட்டை ஓட்டின் வாய் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் டிரைவருக்குத் துளை போட்டுப் பொருத்துங்கள்.

2. ஒயர்

ஜாக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பாருங்கள். மெல்லிய செம்புக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அதைச் சுட்டு எடுக்காவிட்டால் ஈயம் பிடிக்காது. ஓட்டுக்கு உள்பக்கம் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். சால்டரிங் அயர்னைக் காந்தம் தன் பக்கம் இழுக்கும். கையை ஊன்றிக்கொண்டு, சட்டென்று வைத்து எடுங்கள்.

பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: இரண்டு சவ்வும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று மாறியிருந்தால் பாடகர் குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் சிதறும், பேஸும் காணாமல் போகும்.

3. பதம் பார்த்தல்

வால்யூமைக் குறைத்து வைத்தே தொடங்குங்கள். உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவில், மிருதங்கம் தெளிவாகக் கேட்கும் ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

முதலில் இரண்டு கூட்டையும் காதோடு மெல்ல அழுத்துங்கள். தொப்பிச் சத்தம் (மிருதங்கத்தின் கனத்த பக்கம்) திடீரென்று கூடினால் பேட் ஓரத்தில் காற்று கசிகிறது என்று பொருள். கண்ணாடிக் காம்பு இடித்தாலும் இப்படித்தான். கசிவை அடைக்காமல் ஈக்வலைசரில் பேஸைத் தூக்குவது வீண் வேலை.

ஓடு கெட்டி என்பதால் சத்தம் உள்ளேயே மோதித் திரும்பும், குடத்துக்குள் பாடுவது போல இருக்கும். பஞ்சைப் பிய்த்து உதிரியாக ஓட்டுக்குள் வையுங்கள். சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் குடம் மறைந்துவிடும். அதற்கு மேல் திணித்தால் தம்பூராவின் ரீங்காரம் மங்கும், அங்கே நிறுத்துங்கள்.

தொப்பி இன்னும் 'தும்தும்' என்று பரவினால் டிரைவரின் பின்பக்கச் சிறு துளைகளில் ஒன்றின் மேல் மைக்ரோபோர் ஒட்டுங்கள். துளையை மூட மூட பேஸ் பொதுவாகக் குறையும். கும்கி (தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் நாதம்) வழுக்கி ஏறுவது தனியாகக் காதில் விழுந்தால் சரியான அளவு. அந்த இடம் கிடைக்கும் வரை விடாதீர்கள், இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

நம் காது 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் மிகக் கூர்மை. நாகசுரமோ ஜால்ராவோ குத்தினால் டிரைவருக்கு முன்னால் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில். அரைமணிக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள். களைத்த காது எதையும் சரி என்று சொல்லிவிடும்.

பிளைவுட்டை இப்போதைக்கு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள், பசை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பஞ்சு அமுங்கிப்போகும், தை பிறந்ததும் கழற்றிப் புதுப் பஞ்சு வைக்க வேண்டியிருக்கும்.