ரோமியோ ஜூலியட்: ஆறு சாவுகளுக்கு யார் பொறுப்பு என்று எடைபோட்டு எழுதுவது எப்படி

ரோமியோவும் ஜூலியட்டும் இறந்ததற்கு யார் காரணம்? ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படிப்பவர்கள் ஒருமுறையாவது இந்தக் கேள்விக்குக் கட்டுரை எழுத வேண்டிவரும். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே தடத்தில் போகின்றன. இரு குடும்பங்களின் பகைக்கு ஒரு பத்தி, காதலர்களுக்கு ரகசியமாக மணம் செய்துவைத்த துறவிக்கு ஒரு பத்தி, விதிக்கு ஒரு பத்தி, கடைசியில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்று ஒரு வரி. அந்த வரியை எழுத நாடகத்தைப் படித்திருக்கவே வேண்டாம். எந்தச் சாவில், யாருக்கு, எவ்வளவு பங்கு, ஏன் என்று சொல்வதுதான் கேட்கப்படும் வேலை. அதற்குக் கைகொடுக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: அந்த வேளையில் அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்ததை யாரிடம் சொல்லாமல் விட்டார்?

முதலில் சாவுகளை எண்ணுங்கள்

மேடைக்காட்சிகளில் நடப்பவை ஐந்து; அவற்றில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ மட்டும் மேடையில் குத்துப்பட்டு, வெளியே கொண்டுபோன பிறகு இறக்கிறான். மெர்குஷியோவும் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டும் மூன்றாம் அங்கம் முதல் காட்சியில். ஜூலியட்டை மணக்கக் கேட்ட பாரிஸ், ரோமியோ, ஜூலியட் மூவரும் ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சியில். ஆறாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். மகன் நாடுகடத்தப்பட்ட துயரில் தன் மனைவி அந்தக் கடைசி இரவில் இறந்துவிட்டாள் என்று ரோமியோவின் தந்தை மாண்டேகு கடைசிக் காட்சியில் சொல்கிறார். (1597இல் அச்சான முதல் பதிப்பில் ரோமியோவின் உறவினன் பென்வோலியோவும் இறந்துவிட்டதாக ஒரு வரி வருகிறது. இன்று கைக்குக் கிடைக்கும் பதிப்புகள் பெரும்பாலும் 1599ஆம் ஆண்டுப் பதிப்பைத் தழுவியவை, அவற்றில் அந்த வரி இல்லை.)

ஆறையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மெர்குஷியோ சாகும் நேரத்தில் ஜூலியட்டின் தந்தை அந்தத் தெருவிலேயே இல்லை. ஜூலியட் சாகும்போது டிபால்ட் இறந்து இரண்டு நாளாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் குற்றமும் மங்கிப்போகும், உங்கள் வாதமும் மங்கிப்போகும்.

ஐந்து நாள் அட்டவணை

ஒரு தாளில் ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து கட்டங்கள் போடுங்கள். கட்டுரைக்கு இதைவிடப் பயனுள்ள முன்வேலை கிடையாது.

ஞாயிறு காலை வெரோனா நகரில் இரு குடும்பத்தாரின் தெருச்சண்டை. ஏற்கெனவே மூன்று கலவரங்களைப் பார்த்துவிட்ட ஆட்சியாளர் எஸ்கலஸ், இனி அமைதியைக் குலைத்தால் உயிர்தான் விலை என்று எச்சரிக்கிறார். இரவு ஜூலியட்டின் தந்தை கேப்புலெட் வீட்டில் விருந்து, அதன்பின் தோட்டத்துச் சந்திப்பு. திங்கள் பிற்பகல் ரகசியத் திருமணம், ஒரு மணி நேரம் கழிந்த அளவில் மெர்குஷியோவும் டிபால்ட்டும் பிணம், ரோமியோ நாடுகடத்தப்படுகிறான். அன்றிரவே கேப்புலெட் தன் மகளை வியாழக்கிழமை பாரிஸுக்குக் கட்டித்தருவதாக வாக்குக் கொடுக்கிறார். செவ்வாய் விடியலில் ரோமியோ மான்டுவா நகருக்குக் கிளம்புகிறான். ஜூலியட் மறுக்கிறாள், தந்தை வீட்டைவிட்டுத் துரத்துவேன் என்கிறார், அவள் துறவியிடம் போய், இறந்ததுபோலத் தோன்றவைக்கும் மயக்கமருந்தை வாங்கிவருகிறாள், மாலையில் கல்யாணம் புதன்கிழமைக்கு முன்தள்ளப்படுகிறது, இரவு மருந்தைக் குடிக்கிறாள். புதன் காலை அவளைப் பிணமாகக் காண்கிறார்கள்; இரவு ரோமியோ திரும்பி வருகிறான். வியாழன் விடியலில் எஸ்கலஸ் கல்லறையில் நிற்கிறார்.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதையிலிருந்து. அங்கே இந்தக் காதல் மாதக்கணக்கில் நீள்கிறது. அதை ஐந்து நாளுக்குள் அடைத்தது நாடகாசிரியரின் முடிவு. எனவே அவசரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பாத்திரங்களின் குணமாக மட்டும் பார்க்காமல், கதையின் கட்டுமானமாகவும் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மருந்தின் மயக்கம் 42 மணி நேரம் நீடிக்கும் என்று துறவி சொல்கிறார். செவ்வாய் இரவிலிருந்து 42 மணி நேரம் எண்ணினால் வியாழன் மாலை ஆகிவிடும். ஜூலியட்டோ வியாழன் விடியுமுன்பே கண்விழிக்கிறாள். இந்தக் கணக்கு நாடகத்திலேயே பொருந்தவில்லை. துறவி அளவு தவறிக் கொடுத்தார் என்று இதன்மேல் வாதம் கட்டாதீர்கள், முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

யாருக்கு என்ன தெரியும்

அட்டவணைக்குக் கீழே மூன்று ரகசியங்களை எழுதுங்கள். திருமணம் நடந்தது, மருந்துத் திட்டம் (இறந்ததுபோல் கிடந்து கண்விழிக்கும் ஜூலியட்டைக் கல்லறையிலிருந்து ரோமியோ அழைத்துப்போவது), ஜூலியட் உயிரோடு இருப்பது. ஒவ்வொன்றுக்கும் நேரே தெரிந்தவர்களின் பெயர்.

திருமணம் பற்றி ரோமியோ, ஜூலியட், துறவி லாரன்ஸ், ஜூலியட்டை வளர்த்த செவிலி ஆகிய நால்வருக்கும் தெரியும். மருந்துத் திட்டத்தில் துறவியும் ஜூலியட்டும் மட்டும். செவிலிக்குக்கூடத் தெரியாது, புதன் காலை அவள் அழுவது உண்மையான அழுகை. ஜூலியட் மயங்கிய பிறகு அவள் உயிரோடு இருப்பது வெரோனாவிலேயே ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். இந்த வரியை எழுதி முடித்ததும் கட்டுரை எங்கே திரும்ப வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

துறவியைச் சரியான இடத்தில் பிடியுங்கள்

மருந்து கொடுத்தார், ரகசியமாக மணம் செய்துவைத்தார் என்பதே துறவிமீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றம். இரண்டும் பலவீனமானவை. இரு குடும்பங்களின் பகை இந்த மணத்தால் அன்பாக மாறலாம் என்று நம்பித்தான் அவர் சம்மதித்தார். அந்த நம்பிக்கை முட்டாள்தனமானதும் இல்லை. அவருக்கு எதிரான வலுவான சான்றுகள் வேறு நான்கு இடங்களில் இருக்கின்றன.

முதலாவது மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி. ரோமியோவை மான்டுவாவுக்கு அனுப்பும்போது, ஏற்ற நேரம் பார்த்துத் திருமணத்தை வெளிப்படுத்தி, உறவினரைச் சமாதானம் செய்து, ஆட்சியாளரிடம் மன்னிப்பு வாங்கித்தருவதாக வாக்களிக்கிறார். ரோமியோவின் ஆளைக் கண்டுபிடித்து அவன் மூலமே அவ்வப்போது செய்தி அனுப்புவதாகவும் சொல்கிறார். இரண்டில் ஒன்றையும் அவர் நிறைவேற்றியதாக நாடகத்தில் இல்லை.

இரண்டாவது நான்காம் அங்கம் முதல் காட்சி. ஜூலியட் வருவதற்கு முன் பாரிஸ் அவருடைய அறையில் நிற்கிறான். வியாழக்கிழமை எங்களுக்குக் கல்யாணம் என்கிறான். மென்மையானவன், ஆட்சியாளருக்கு உறவினன். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டது என்று சொல்ல இதைவிட நல்ல வேளை அமையாது. இன்னொரு மணம் செல்லாது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால், பெண்ணின் மனம் தெரியாமல் இப்படி அவசரப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று மழுப்புகிறார். பிரச்சினை வெளிப்படையாகத் தீர்ந்திருக்கக்கூடிய கடைசித் தருணம் இது. கட்டுரையில் இதை மேற்கோளோடு காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, திட்டத்தை ரோமியோவுக்குத் தெரிவிக்கும் கடிதம். ரோமியோவின் ஆள் பால்தசார் வழியாகச் செய்தி போகும் என்று சொன்னவர், இன்னொரு துறவியான ஜானிடம் கடிதத்தைக் கொடுக்கிறார். ஜான் துணைக்கு ஒரு துறவியைத் தேடிப் போன வீட்டில் கொள்ளைநோய் இருக்கலாம் என்று நகர அதிகாரிகள் கதவை அடைத்துவிடுகிறார்கள். அது தற்செயல்தான். கடிதம் எவ்வளவு முக்கியமானது என்பது ஜானுக்குத் தெரியவில்லை என்பதை ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில் லாரன்ஸின் பதற்றமே காட்டிக்கொடுக்கிறது. இதற்கிடையில், எதுவும் அறியாத பால்தசார் ஜூலியட் இறந்த செய்தியோடு தானாகவே மான்டுவாவுக்கு விரைகிறான். வாக்களித்தபடி அவனையே பயன்படுத்தியிருந்தால் கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் ஒரே குதிரையில் போயிருக்கும்.

நான்காவது, கல்லறை. ஜூலியட் கண்விழிக்கிறாள், பக்கத்தில் கணவனின் உடல். வெளியே காவலர் சத்தம் கேட்கிறது. வா, உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்க்கிறேன் என்கிறார். அவள் வர மறுத்ததும் அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். பதினான்கு வயதுகூட நிரம்பாத பெண், கைக்கெட்டும் தூரத்தில் ரோமியோவின் குத்துவாள்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எழுதுங்கள். கடைசியில் எதையும் மறைக்காமல் சொன்னவர் அவர்தான்; தன்மீது தவறிருந்தால் தன் முதிய உயிரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். அவர் உள்நோக்கத்தோடு நடந்தவர் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் பொறுப்பு நிற்கிறதா என்று காட்டுவதே நல்ல கட்டுரை.

கேப்புலெட்: கொடுமையா, மகிழ்ச்சியா?

கொடுமைக்காரத் தந்தை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் இதே மனிதர், பெண் இன்னும் சிறியவள், இரண்டு கோடை போகட்டும், முதலில் அவள் மனத்தை வெல் என்று பாரிஸிடம் சொல்கிறார். விருந்தில் ரோமியோவை அடையாளம் கண்ட டிபால்ட் வாளெடுக்கத் துடிக்கும்போது அடக்குவதும் இவரே. மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியில், தெருவில் பிச்சையெடுத்துச் சாவு என்று மகளைப் பார்த்து அவர் கத்துவது மன்னிக்க முடியாதது. ஆனால் அவளுக்கு மணமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.

அவருடைய மிகப் பெரிய பிழை அமைதியான ஒரு காட்சியில் இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில் ஜூலியட் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டதும் மனம் குளிர்ந்து, நாளைக்கே கல்யாணம் என்கிறார். வியாழன்வரை பொறுக்கலாமே என்கிறாள் மனைவி. கேட்கவில்லை. புதன் இரவு குடிக்க வேண்டிய மருந்தை ஜூலியட் செவ்வாய் இரவே குடிக்க நேர்கிறது. கடிதம் மான்டுவா போய்ச் சேரக் கிடைத்த கால இடைவெளியில் ஒரு நாள் கழிந்துபோகிறது. கோபத்தால் அல்லாமல் மகிழ்ச்சியால் நேர்ந்த பிழை இது.

உறவுமுறையில் ஒரு சிறு குறிப்பு. டிபால்ட்டை ஆங்கில மூலம் ஒரு பொதுச்சொல்லால் உறவினன் என்கிறது. அவன் இறந்ததும் ஜூலியட்டின் தாய், என் அண்ணன் தம்பி பிள்ளை என்ற பொருளில் அலறுகிறாள். ஆக அவன் ஜூலியட்டுக்குத் தாய்மாமன் மகன். சித்தப்பா மகன், அண்ணன் என்றெல்லாம் தமிழில் எழுதுவது பிழை.

மற்றவர்கள்

ரோமியோவின் கணக்கில் டிபால்ட்டும் பாரிஸும் நேரடியாக வருகிறார்கள். ஆனால் இருவருக்கும் ஒரே எடை போடாதீர்கள். டிபால்ட்டோடு சண்டை வேண்டாம் என்று முதலில் மறுத்தவன் அவன்; மெர்குஷியோவும் டிபால்ட்டும் மோதியதைத் தடுக்க நடுவே புகுந்தபோதுதான் அவன் கைக்கடியில் புகுந்த டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவைக் குத்தியது. நீ இப்போது என் உறவினன் என்று டிபால்ட்டிடம் வெளிப்படையாகச் சொல்ல அவனால் முடியவில்லை. ரகசியத்தின் முதல் விலை அங்கேயே கொடுக்கப்படுகிறது. பாரிஸிடமும், வெறிகொண்டவனைச் சீண்டாதே, போய்விடு என்று கெஞ்சுகிறான். ரோமியோமீது உண்மையாக நிற்கும் குற்றம் மான்டுவாவில் நடக்கிறது. துறவியிடமிருந்து கடிதம் இல்லையா என்று பால்தசாரை இரண்டு முறை கேட்கிறான். இல்லை என்றதும், ஏன் இல்லை என்று யோசிக்காமல் 40 டியூகட் (பொற்காசு) கொடுத்து நஞ்சு வாங்குகிறான். கேள்வி அவன் மனத்தில் இருந்தது, பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நஞ்சு விற்ற மருந்துக்காரருக்கு அரைப்பத்தி போதும்: விற்றால் மரணதண்டனை என்று தெரிந்தும் வறுமையால் விற்றவர். செவிலிக்கும் அப்படியே, பாரிஸையே கட்டிக்கொள் என்று அவள் சொன்ன நிமிடத்தில் ஜூலியட்டுக்கு வீட்டில் ஆளில்லாமல் போனது என்பதே குறிப்பிட வேண்டிய செய்தி. எஸ்கலஸ் தாமே ஒப்புக்கொள்கிறார்: உங்கள் பகையைக் கண்டும் காணாமல் இருந்ததால் இரண்டு உறவினரை இழந்தேன் என்று. மெர்குஷியோவின் சாவுக்கு அவரையும் பகைவளர்த்த இரு குடும்பத் தலைவர்களையும் முன்வையுங்கள்.

விதியை என்ன செய்வது

முன்னுரைப் பாடலே காதலர்களைக் கிரகம் சரியில்லாதவர்கள் என்கிறது; டிபால்ட்டைக் கொன்றதும் ரோமியோ தன்னை விதியின் விளையாட்டுப்பொருள் என்கிறான். மறுக்க வேண்டாம். தற்செயல்களைத் தனியே பட்டியலிடுங்கள்: படிக்கத் தெரியாத வேலைக்காரன் விருந்தினர் பட்டியலை ரோமியோவிடம் நீட்டியது, கொள்ளைநோயால் அடைபட்ட கதவு, ஜூலியட் விழிப்பதற்குச் சற்று முன் ரோமியோ நஞ்சு குடித்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது சாவாக முடிய யாருடைய முடிவு தேவைப்பட்டது என்று எழுதுங்கள். கதவு அடைபட்டது தற்செயல்; ஒரே ஒரு கடிதத்தை நம்பியது முடிவு.

எழுதும் கணக்கு

1000 சொல் கட்டுரைக்கு இந்தப் பங்கீடு ஒத்துவரும்: தொடக்கம் 100, நீங்கள் தேர்ந்த ஒரு சாவுக்கு 450, ஒப்பிட வேறு இரண்டு சாவுகளுக்கு ஆளுக்கு 150, எதிர்வாதத்துக்கு 150. தொடக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். உதாரணமாக: "ஜூலியட்டின் சாவில் பெரும்பங்கு துறவி லாரன்ஸுடையது, மருந்து கொடுத்ததைவிட, பாரிஸ் எதிரே நின்றபோது திருமணத்தை மறைத்ததே அவர் குற்றம்." இந்த வாக்கியத்தை ஒருவர் மறுக்க முடியும். மறுக்கவே முடியாத வாக்கியத்தால் கட்டுரைக்குப் பயனில்லை.

திரைப்படத்தை நினைவில் வைத்து எழுதுவதால் வரும் பிழைகளைக் கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள். 1968ஆம் ஆண்டுப் படத்தில் ரோமியோ பாரிஸைக் கொல்வதில்லை. 1996ஆம் ஆண்டுப் படத்தில் ரோமியோவின் உயிர் போகுமுன் ஜூலியட் விழித்துவிடுகிறாள். நாடகத்தில் பாரிஸ் கொல்லப்படுகிறான், ஜூலியட் விழிக்கும்போது ரோமியோ இறந்துகிடக்கிறான். ஜூலியட்டுக்கு ஜூலை கடைசியில் 14 வயது நிறையும் என்று செவிலி சொல்கிறாள். ரோமியோவின் வயது எங்கும் சொல்லப்படவில்லை, 16 அல்லது 17 என்று எழுதாதீர்கள்.

முடிவுப் பத்திக்கு ஒரு வழி. சிலர் மன்னிக்கப்படுவர், சிலர் தண்டிக்கப்படுவர் என்று மட்டும் சொல்லி எஸ்கலஸ் நிறுத்திவிடுகிறார். யார் யார் என்பதை நாடகம் சொல்வதில்லை. புரூக்கின் கவிதையோ தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது: செவிலிக்கு நாடுகடத்தல், மருந்துக்காரருக்குத் தூக்கு, ரோமியோவின் வேலைக்காரனுக்கு விடுதலை, துறவிக்கு மன்னிப்பு. அந்த நான்கில் எதை நீங்கள் மாற்றுவீர்கள் என்று எழுதி, நீங்கள் போட்ட எடையோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் திருத்த வேண்டியது அந்த 450 சொற்களை.