பலகை இல்லாமல் பல்லாங்குழி: 14 அகல் விளக்கு, 70 புளியங்கொட்டை

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய கொரோனா ஊரடங்கு 21 நாளில் முடியும் என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு மே 3 வரை நீட்டித்தார்கள். முதல் வாரம் டிவியும் போனுமாகப் போனது. இரண்டாவது வாரம் பிள்ளைகள் இருவருக்குமே அது சலித்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் வருஷத்துப் புளியைக் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். முறத்தில் குவிந்த கொட்டைகளைப் பார்த்ததும் அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடிய திண்ணை நினைவுக்கு வந்துவிட்டது. பலகை ஊரில் கிடந்தது, கடைகளும் திறக்கவில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே ஒன்று செய்தோம். இப்போது தினமும் சாயங்காலம் நான்கு பேரும் மாறி மாறி ஆடுகிறோம்.

முத்து

குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70 கொட்டை வேண்டும். பீரோவுக்கு அடியில் ஓடுவதையும் கணக்கில் வைத்து 80 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்கினால் கைக்குச் சுகமாக இருக்கும். கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் புளியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படி விட்டதில் கொட்டை உப்பி, மேல்தோல் வெடித்துக் கழன்றுவிட்டது.

சோழி இருந்தால் இன்னும் நல்லது. குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் கடித்து விழுங்கினால் கடும் விஷம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் புளியங்கொட்டையைக்கூட ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

குழி

எல்லோரும் முதலில் முட்டை அட்டையைத்தான் எடுப்பார்கள். 30 முட்டை அட்டையில் நீளவாக்கில் 6 குழி, அகலவாக்கில் 5. நமக்கு வரிசைக்கு 7 வேண்டும். வெட்டி ஒட்டிப் பார்த்தேன், ஒட்டிய இடம் இரண்டே நாளில் விட்டுவிட்டது. சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டும் ஆடலாம், ஆனால் முத்து துள்ளி அடுத்த வட்டத்துக்குள் போய்விடும்.

என் தேர்வு அகல் விளக்கு. கார்த்திகைக்கு வாங்கியவை எப்படியும் வீட்டில் கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். மடித்த போர்வையின் மேல் ஏழேழாக இரண்டு வரிசை வைத்தால் நகராது. மண்ணில் கொட்டை விழும் அந்தச் சத்தம் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வராது.

ஆட்டம்

ஆளுக்கு ஒரு வரிசை. உங்கள் இடது ஓரக் குழி 1, வலது ஓரம் 7. அங்கிருந்து எதிர் வரிசைக்குத் திரும்பினால் 8, உங்கள் இடது ஓரத்துக்கு எதிரே 14. ஆட்டம் எப்போதும் இந்த வரிசைப்படிதான் சுற்றும்.

உங்கள் வரிசையில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கையில் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ள வேண்டும். நான் தவறியது இங்கேதான். கடைசி முத்து விழுந்த குழியையே அள்ளிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அப்படியே ஆடினோம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது, யாருக்கும் எதுவும் சேரவில்லை. அப்பத்தாவுக்குப் போன் செய்த பிறகுதான் தெளிந்தது.

கை தீர்ந்து, அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் உங்கள் முறை முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடைக்காது. துடைக்கும்போது எதிர்க் குழியையும் சேர்த்து அள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் இல்லை.

சரியாக ஆடுகிறோமா என்று தெரிந்துகொள்ள, புதிதாக எல்லாக் குழியிலும் 5 போட்டு இதை ஒருமுறை செய்து பாருங்கள். 1-ஐ அள்ளினால் கடைசி முத்து 6-இல் விழும். 7-ஐ அள்ளுங்கள், 12-இல் தீரும். 13-ஐ அள்ளினால் சுற்றி வந்து 4-இல் தீரும். இப்போது 5-இல் 6 முத்து இருக்கும், அதை அள்ளினால் 11-இல் தீரும். 12-இல் உள்ள 6-ஐ அள்ளினால் மறுபடி 4-இல் தீரும். 5 காலி. துடைத்துவிட்டு 6-ஐப் பார்த்தால் 7 முத்து இருக்கும். உங்களுக்கு 7 வந்தால் விதி பிடிபட்டுவிட்டது. புது ஆட்டத்தின் முதல் கை எந்தக் குழியில் ஆரம்பித்தாலும் இந்த 7-தான் வரும். பெரியவனை ஏழு குழியிலும் ஆடிப் பார்க்கச் சொன்னேன், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் பசு. காலியான குழியில் ஒன்று, இரண்டு என்று சேர்ந்து 4 ஆனால் அது பசு. யார் போட்டாலும் சரி, அந்த வரிசைக்காரருக்குச் சொந்தம். ஐந்தாவது விழுவதற்குள் 'பசு' என்று சொல்லி எடுத்துவிட வேண்டும். இதனால்தான் எதிராளி ஆடும்போதும் கண்ணை எடுக்க முடிவதில்லை. என் சின்ன மகளுக்கு நான்கு நான்காக எண்ண வந்தது இதில்தான்.

ஒருவர் வரிசை முழுக்கக் காலியாகி, அவர் முறையும் வந்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. மிச்சம் மற்றவருக்கு. அடுத்த சுற்றுக்கு அவரவர் சேர்த்ததிலிருந்து குழிக்கு 5 நிரப்புங்கள். நிரப்ப முடியாத குழியில் ஒரு துடைப்பக் குச்சியைப் போட்டு மூடிவிடுங்கள், அந்தச் சுற்றில் அது ஆட்டத்தில் இல்லை. ஐந்துகூடத் தேறாதவர் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடலாம். 'கஞ்சி காய்ச்சுறது' என்பார் அப்பத்தா. கஞ்சி காய்ச்சியவர் பசுவாகப் பிடித்து எழுந்து வருவதையும் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 26: படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

கொட்டை போதவில்லை என்று குழிக்கு 4 போட்டு ஆரம்பித்ததாக இருவர் எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஆரம்பத்திலேயே எல்லாக் குழியும் பசு, ஆட்டமே இல்லை. குழியைக் குறையுங்கள். வரிசைக்கு 5 குழி வைத்தால் 50 முத்து போதும். ஆனால் மேலே சொன்ன 7 கணக்கு அதற்குப் பொருந்தாது.

வீடியோ காலில் ஆட முடியுமா? முடியும். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையோடு ஆடுகிறேன். இருவர் வீட்டிலும் 14 குழி, இருவரும் எல்லா ஆட்டத்தையும் தத்தம் குழியில் போட வேண்டும். 'இடது ஓரம்' என்று நான் சொல்ல, அவள் தன் இடது ஓரத்தை அள்ளிவிட்டாள். அன்றிலிருந்து குழிகளுக்கு 1 முதல் 14 வரை சீட்டு ஒட்டி, எண்ணை மட்டும் சொல்கிறோம். ஒவ்வொரு முறை முடிந்ததும் ஜெயித்ததையும் குழியில் இருப்பதையும் கூட்டினால் 70 வர வேண்டும். அதோடு இரண்டு பக்கமும் குழிக்குக் குழி ஒத்துப்போகிறதா என்று வாசித்துச் சரிபாருங்கள்.

வீட்டிலேயே தனிமையில் இருக்கும் ஒருவர், தனியாக ஆட ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு, சீதைப் பாண்டி. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று சொல்வார்கள். ஒரே வரிசையில் 7 குழி, 28 முத்து. இடமிருந்து 7, 6, 5, 4, 3, 2, 1 என்று போடுங்கள். ஏழு உள்ள குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். வலது ஓரம் வந்ததும் இடது ஓரத்துக்குத் திரும்புங்கள். கடைசி முத்து அள்ளிய குழியிலேயே விழும். இப்போது பக்கத்துக் குழியில் 7 இருக்கும். அதை அள்ளுங்கள். இப்படி ஏழு முறை ஆடி முடித்தால் முதலில் வைத்தபடியே 7, 6, 5, 4, 3, 2, 1 என்று நிற்கும். மொத்தம் 28 இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் ஒரு முத்து தவறி வெளியே விழுந்திருக்கிறது, போர்வை மடிப்பில் தேடுங்கள்.