பொண்ணு குழந்தைக்கு செல்லப் பேரா, சர்டிபிகேட் பேரா? எதை எங்க வைக்கணும்

ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் ஆகுறதுக்குள்ளயே ஒரு ஃபார்ம நீட்டி "குழந்தை பேரு எழுதுங்க"ன்னு கேப்பாங்க. பேர் இன்னும் முடிவாகலன்னா அந்த இடத்த காலியா விட்ருங்க, ஒண்ணும் ஆகாது. பிறப்ப 21 நாளைக்குள்ள பதிவு பண்ணணும், அவ்ளோதான் சட்டம். பேர அப்புறமா சேத்துக்கலாம், பதிவு பண்ணதுல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் காசே கிடையாது, அதுக்கப்புறம்னா தாமதக் கட்டணம் கட்டி 15 வயசு வரைக்கும் சேக்கலாம். ஆனா ஒருதடவ பேர ஏத்திட்டீங்கன்னா எழுத்துப் பிழை திருத்தம் மட்டும்தான் அங்க பண்ணுவாங்க, பேரையே மாத்தணும்னா கெசட்டுக்குப் போகணும், அது தனி அலைச்சல். அதனால மாமியார் ஒண்ணு சொல்றாங்க, அம்மா ஒண்ணு சொல்றாங்க, நாத்தனார் வாட்ஸ்அப்ல லிஸ்ட் அனுப்புறாங்கன்னு பதட்டத்துல எதையோ எழுதிக் குடுத்துட்டு வந்துடாதீங்க.

இந்த சில மாசத்த யூஸ் பண்ணிக்கோங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். தொட்டில் போடுற அன்னிக்கு அத்தை காதுல மூணு தடவ சொன்ன பேர், வீட்ல கூப்பிடுற பேர், ரெண்டையும் புழக்கத்துல விட்டுப் பாருங்க. தொட்டிலுக்கும் சர்டிபிகேட்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா தப்பே இல்ல. மூணு மாசம் கழிச்சும் அந்த பெரிய பேர சொல்லி யாருமே கூப்பிடல, சொல்றதுக்கே கூச்சமா இருக்குன்னா அந்தப் பேர்ல ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம். (ரொம்ப நாளும் இழுக்காதீங்க, பாஸ்போர்ட் எடுக்கணும், செல்வமகள் கணக்கு ஆரம்பிக்கணும்னா பேரோட சர்டிபிகேட் வேணும்.)

இன்னொண்ணு, செல்லப் பேர நீங்க உக்காந்து தேர்ந்தெடுக்கவே முடியாது. நெட்ல தேடி "க்யூட் நிக்நேம்" லிஸ்ட் எடுத்து வெச்சிருப்பீங்க, ஆனா தாத்தா ஒருநாள் சும்மா "ஏய் சிட்டு"ன்னு கூப்பிடுவாரு, அது அப்படியே ஒட்டிக்கும். பாப்பா, அம்மு, குட்டி, பட்டு, தங்கம், கண்ணம்மா, ராசாத்தின்னு நம்ம வீடுகள்ல சுத்தி சுத்தி ஒரு இருபது பேர்தான் இருக்கு, ஒரு கல்யாண மண்டபத்துல போய் "அம்மு"ன்னு கூப்பிட்டா நாலு பொண்ணு திரும்பும். அதனால நீங்க முடிவு பண்ண வேண்டியது சர்டிபிகேட் பேர் மட்டும்தான், செல்லப் பேர் விஷயத்துல உங்க வேலை வேண்டாததத் தடுக்குறது, அத கீழ சொல்றேன்.

நம்ம ஊர்ல ரெண்டு பேர் வந்ததுக்கே காரணம் இருக்கு. மூத்த பொண்ணுக்கு அப்பா வழிப் பாட்டி பேர், அடுத்தவளுக்கு அம்மா வழிப் பாட்டி பேர்னு வெச்ச குடும்பங்கள் நிறைய. இப்போ மாமியார் பேர் பேச்சியம்மாள், பேத்திக்கும் அதே பேர், மருமக எப்படி மாமியார் இருக்குற வீட்ல "ஏ பேச்சி, இங்க வா"ன்னு கூப்பிடுவா, திட்டுறது இன்னும் கஷ்டம். அதுக்குத்தான் பாப்பா, அம்மு எல்லாம். குலதெய்வத்துக்கு நேந்துக்கிட்டு வெச்ச பேரும் இதே கதைதான், சாமி பேர சொல்லி வைய முடியாதுல்ல. அந்த மரியாதைப் பிரச்சினை உங்க வீட்ல இருக்கா இல்லையான்னு மொதல்ல பாருங்க. இருக்குன்னா ரெண்டு பேர் தேவைதான், பாட்டி பேர சர்டிபிகேட்ல வைங்க. இல்லன்னா ரெண்டு பேர் கட்டாயமில்ல, கூப்பிடவும் எழுதவும் ஒரே பேரா போதும். நிலா, மீரா, தாரா, யாழினி மாதிரி பேர்லாம் செல்லப் பேர் அளவுதான் இருக்கு, ஆனா அறுபது வயசுலயும் நிக்கும்.

அந்த அறுபது வயசுதான் மெயின் டெஸ்ட். ஒரு காலத்துல பேபி, பாப்பாத்தி, சின்னப்பொண்ணுன்னே பதிஞ்சு வெச்ச பொம்பளைங்க இப்போ பாட்டி ஆகி பேங்க்ல வரிசைல நிக்கிறாங்க, "பேபி யாரும்மா"ன்னு கவுன்ட்டர்ல கூப்பிட்டா மொத்த பேங்கும் திரும்பிப் பாக்குது. அவங்களுக்கு அது பழகியிருக்கும், அந்தக் காலத்துல யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, ஆனா இப்போ பொறக்குற பொண்ணுக்கு பாஸ்போர்ட்ல "அம்முக்குட்டி"ன்னு போட்டா அவ முப்பது வயசுல ஒரு மீட்டிங்ல என்ன பண்ணுவா யோசிங்க. நட்சத்திர எழுத்துக்காக செல்லப் பேர சர்டிபிகேட்ல ஏத்துறவங்களும் உண்டு, ரோகிணின்னா ஒ, வ, வி, வு, மகம்னா ம, மி, மு, மெ. ஒரு ஐடியா சொல்றேன், எழுத்து சரியா வரணும்னா அந்தப் பேர ஜாதகத்துலயும் காதுல ஓதுறதுலயும் வெச்சுக்கோங்க, பெரும்பாலான ஜோசியர்கள் அதுக்கு ஒத்துப்பாங்க. ஜாதகத்துல ஒண்ணு, சர்டிபிகேட்ல ஒண்ணு, வாய்ல ஒண்ணுன்னு மூணு பேரோட வளந்தவங்க நம்மள்ல எத்தன பேர்.

பெரிய ஆளுங்கள பாருங்களேன். ஜெயலலிதாவுக்கு கோமளவல்லின்னு பாட்டி பேர், ஒரு வயசுல ஜெயலலிதா, வீட்ல அம்மு. 2001ல நியூமராலஜிக்காக இங்கிலீஷ்ல கடைசில ஒரு ஏ சேத்தாங்க. எம்.எஸ்.சுப்புலட்சுமி நெருங்கினவங்களுக்கு குஞ்சம்மா. வீட்டுப் பேர் வீட்லயே இருந்துச்சு, மேடைக்கு ஒரு பேர் இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடல.

சரி, சர்டிபிகேட் பேர எப்படி சோதிக்கிறது. சத்தமா சொல்லுங்க. மொட்டைமாடில இருந்து தெருவுக்குக் கூப்பிடுற மாதிரி, கோவத்துல கூப்பிடுற மாதிரி, மைக்ல "அடுத்ததாக முதல் பரிசு"ன்னு சொல்லிட்டு. அப்புறம் இன்ஷியலோட எழுதுங்க, இங்கிலீஷ்லயும் தமிழ்லயும். இது யாரும் பாக்காத விஷயம். 2021ல இருந்து கவர்மென்ட் தமிழ்ல எழுதுற பேருக்கு இன்ஷியலும் தமிழ்லயே இருக்கணும்னு சொல்லியிருக்கு, அப்பா சுரேஷ், பொண்ணு மதின்னு வெச்சுக்கோங்க, சு.மதி, படிக்கிறவங்க சுமதின்னுதான் படிப்பாங்க. அப்பா கார்த்திக், பொண்ணு வியான்னா கா.வியா. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா பொண்ணு பன்னெண்டு வருஷம் அட்டெண்டன்ஸ்ல அத சரி பண்ணிக்கிட்டே இருக்கணும்.

ஸ்பெல்லிங் அடுத்தது. நம்ம பர்த் சர்டிபிகேட்ல தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் வரும், இங்கிலீஷ்ல என்ன எழுத்து போடுறீங்களோ அதான் ஆதார், ஸ்கூல், பத்தாவது மார்க்ஷீட், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் அடிப்படை. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு பொறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்த ஒரு சர்டிபிகேட்தான் ஆதாரம், ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து டிரைவிங் லைசன்ஸ் வரைக்கும், அதனால முன்ன மாதிரி "ஸ்கூல்ல சேக்குறப்ப வேற பேர் குடுத்துக்கலாம்"னு நினைக்காதீங்க. ழ வர்ற பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கனிமொழி, தேன்மொழி, யாழினி, வைங்க, தாராளமா வைங்க, ஆனா ழவுக்கு இங்கிலீஷ்ல "இசட் ஹெச்" போடுறதா, வெறும் "எல்" போடுறதான்னு முடிவு பண்ணி வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி எழுதக் கத்துக்கோங்க. நியூமராலஜிக்காக எக்ஸ்ட்ரா எழுத்து சேக்குறவங்க, சேத்தத எங்கயும் மறக்காம எழுதணும், பாதி இடத்துல ஒரு ஏ, பாதில ரெண்டு ஏ இருந்தா அதுக்கு எந்த ராசியும் உதவாது. ஆதார்ல பேர திருத்த ரெண்டு தடவதான் சான்ஸ்.

பாஸ்போர்ட்னா ஒரு தனித் தலைவலி. நமக்கு சர்நேம் பழக்கம் இல்ல, ஆனா ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருக்கு. ஒரே பேர் மட்டும் போட்டு மத்தது காலியா விட்டவங்களுக்கு 2022 நவம்பர்ல துபாய் பக்கம் பெரிய குழப்பம் ஆச்சு, விசிட் விசாவுல ஒத்தப் பேர் பாஸ்போர்ட் செல்லாதுன்னு அறிவிச்சாங்க, அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேர் இருந்தா சரின்னு தளர்த்துனாங்க. அமெரிக்க விசாவுல ஒத்தப் பேர் சர்நேம் கட்டத்துக்குப் போயிட்டு, பேர் இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யூன்னு விழும், பேர் தெரியலன்னு. அப்பா பேர விரிச்சு சர்நேம்ல போடுறதுதான் வழக்கம், அப்போ வெளிநாட்ல உங்க பொண்ண மிஸ் முருகேசன்னு கூப்பிடுவாங்க, அத ஏத்துக்க முடியலன்னா அம்மா பேரோ ரெண்டாவதா ஒரு பேரோ வைக்கலாம், இப்பவே பேசி முடிவு பண்ணுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்ல பேர மாத்தணும்னு கட்டாயம் இல்ல, ஆனா நம்மூர்ல இன்ஷியல் மாத்துறது இன்னும் நடக்குது, அதனால எந்த இன்ஷியலும் இல்லாம தனியா நிக்குற பேரா பாருங்க.

இப்போ செல்லப் பேர்ல தடுக்க வேண்டியது. உடம்ப வெச்சு வர்ற பேர். குண்டு, கருப்பி, குள்ளச்சி, பல்லி. மாமா ஆசையா கூப்பிட ஆரம்பிப்பாரு, எல்லாரும் சிரிப்பாங்க, குழந்தையும் சிரிக்கும். பத்து வயசுல அதே பேர வெச்சு கண்ணாடி முன்னாடி நின்னு தன்னைப் பாக்கும். ஆம்பளப் பசங்களுக்கும் இது உண்டுதான், ஆனா கலரையும் வெயிட்டையும் சொல்லி பொண்ணுங்கள கல்யாணப் பேச்சு வரைக்கும் துரத்துற ஊர்ல அத வீட்லயே ஆரம்பிச்சு வைக்க வேண்டாம். முதல் வாரத்துலயே "மாமா, அந்தப் பேர் வேணாம்"னு சொல்லிடுங்க, ஒரு வருஷம் ஆச்சுன்னா முடியாது. அதே மாதிரி பையன எதிர்பாத்து ஏமாந்த கோவத்த பேர்ல இறக்குறது, திருத்தணி பக்கத்து கிராமங்கள்ல வேண்டாம்னே பேர் வெச்சாங்க, தெக்க போதும்பொண்ணு. மகாராஷ்டிராவுல சதாரால 2011ல 285 பொண்ணுங்களுக்கு "நகுஷி"ங்கற பேர எடுத்துட்டு புதுப் பேர் வெச்சாங்க, அதுவும் வேண்டாதவள்ங்கற பேர்தான். செல்லமாக்கூட இந்த ரகத்த உள்ள விடாதீங்க.

காகிதத்துல ஒரே ஒரு ரூல்தான், செல்லப் பேர் எங்கயும் ஏறக் கூடாது. தாத்தா ரேஷன் கார்டுல "அம்மு"ன்னு சேத்துட்டு வந்துடுவாரு, சித்தப்பா பாசத்துல ஃப்ளைட் டிக்கெட்ட "பப்லு"ன்னு புக் பண்ணுவாரு, ஐடில இருக்குற பேரும் டிக்கெட்டும் ஒத்துப்போகலன்னா கவுன்ட்டர்ல நின்னு கெஞ்சணும். தடுப்பூசி அட்டைல மொதல்ல அம்மா பேர் போட்டு "குழந்தை"ன்னு இருக்கும், பேர் பதிஞ்ச உடனே அதையும் மாத்திடுங்க. கல்யாணப் பத்திரிகைல "கனிமொழி (எ) அம்மு"ன்னு போடுறது மட்டும் ஓகே, இல்லன்னா பாதி சொந்தக்காரங்களுக்கு யார் கல்யாணம்னே தெரியாது. இன்ஸ்டால குழந்தையோட செல்லப் பேர வெச்சு அக்கவுன்ட் ஆரம்பிக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை, சின்ன வயசு செல்லப் பேர் என்னன்னு செக்யூரிட்டி கேள்வி கேக்குற வெப்சைட் எல்லாம் இருக்கு.

அப்புறம் அவளே ஒருநாள் "என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்படி கூப்பிடாதீங்க"ன்னு சொல்லுவா. விட்ருங்க. வீட்டுக்குள்ள வெச்சுக்கலாமான்னு கேட்டுக்கோங்க, அவ சரின்னா சரி.

எல்கேஜி சேக்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்தே சர்டிபிகேட் பேரையும் கூப்பிட்டுப் பழக்குங்க, சாப்பாட்டுக்கு உக்கார வைக்குறப்போ, குளிக்கக் கூப்பிடுறப்போ. நிறைய பசங்க முதல் நாள் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்குறப்போ பேசாம உக்காந்திருக்கும், மிஸ் ஆப்சென்ட் போட்டுடுவாங்க, அது தன்னோட பேருன்னே அதுக்குத் தெரியாது. டிபன் பேக்லயும் வாட்டர் பாட்டில்லயும் முழுப் பேர எழுதி ஒட்டுங்க, மிஸ்கிட்ட மட்டும் தனியா "கூப்பிட்டு திரும்பலன்னா பட்டுன்னு கூப்பிட்டுப் பாருங்க மிஸ்"னு சொல்லி வைங்க.