பொலிஸில் முறைப்பாடு: கையெழுத்து வைக்க முதல்

போர் முடிந்து சில வருடங்களில், பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வன்னியில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அவவின் வேலியைப் பிடுங்கிப் போட்டு, கேட்கப் போன அவவை அடித்தும் இருந்தார்கள். பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்தார், கதிரையும் தந்தார். சிங்களத்தில் அரைப்பக்கம் எழுதி, புத்தகத்தைத் திருப்பி, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். பெரியம்மா கையெழுத்து வைத்துவிட்டா. பக்கத்தில் நின்ற நானும் பேசாமல் இருந்தேன். பிறகு சட்டத்தரணி வாசித்துப் பார்த்தால், அடித்த கதையே அதில் இல்லை. வேலித் தகராறாம், சமாதானமாகப் போக விருப்பமாம்!

இப்போது யாரோடு போனாலும், வீட்டிலேயே தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டுதான் போவேன். திகதி, நேரம், இடம், யார், எதனால் அடித்தது, எங்கே காயம், யார் கண்டது. அவ்வளவு போதும், பழைய பகையெல்லாம் வேண்டாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, சொல்லும் மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். "தமிழ் தெரிந்தவர் இன்று லீவு" என்றால், "சரி ஐயா, நான் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்" என்று நீட்டுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. விளங்காத பக்கத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

காயம் இருந்தால் அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடித்ததே பொலிஸ் என்றால் வழி வேறு. சித்திரவதைக்கு எதிரான உரிமை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதைக் காட்ட ஆணைக்குழுவின் ஒவ்வொரு கடிதமும் தேவைப்படும், எறிந்துவிடாதீர்கள்.

ஆளையே கொண்டுபோய்விட்டார்களா? எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 1996க்கு அழையுங்கள், அது ஆணைக்குழுவின் இலக்கம். சாதாரணச் சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் அந்தக் கணக்கு இல்லை. ஆனால் பிடித்தவர்களே 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அழைக்கும்போது, அந்த அறிவிப்பு வந்ததா என்றும் கேளுங்கள்.