வடசென்னையில் கட்டுமான நிறுவனம் ஊருக்குக் கொடுக்கும் முறை

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர், மணலி என்று வடசென்னையில் மனை பிரிப்பவர்களும் அடுக்குமாடி கட்டுபவர்களும் பெருகிவிட்டார்கள். பூமி பூஜை போட்ட கையோடு அக்கம்பக்கத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற நல்ல மனசும் பலருக்கு இருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பூட்டிக் கிடக்கும் குடிநீர் இயந்திரமும் பளபளக்கும் கல்வெட்டும்தான் மிச்சம். திறப்பு விழாவோடு பணம் நின்றுவிடுவதுதான் காரணம்.

கடமை வேறு, கொடை வேறு

சட்டப்படி தரவேண்டியதை முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். என்ற பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரத்தின் பெயர் தானப் பத்திரம் என்பதால் அது தானம் ஆகிவிடாது. கட்டுமானச் செலவில் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கட்டும் 1 சதவீதமும் அப்படித்தான். ஓ.எஸ்.ஆர். பூங்காவை "எங்கள் அன்பளிப்பு" என்று பலகை வைத்தால், விவரம் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்ட அன்றே உங்கள் மற்ற நல்ல வேலைகளின் மதிப்பும் போய்விடும்.

பதிவு பெற்ற கம்பெனி என்றால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவையும் பாருங்கள். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டியிருந்தாலே, கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அறக்கட்டளை வழியாகச் செய்தால் அது சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். விளம்பர லாபத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் இந்தக் கணக்கில் சேராது.

யாரிடம் கேட்பது

கவுன்சிலரைப் பார்ப்பது அவசியம். அதோடு நிறுத்திவிடக் கூடாது. பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் குழு, குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்கள் என்று ஒரு வாரம் நடந்து கேளுங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள குப்பங்களில் கிராம நிர்வாகிகள் ஊரைக் கூட்டித்தான் முடிவெடுப்பார்கள். அங்கே தனி ஆள் ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்தால் ஊருக்குள் சண்டையை மூட்டிவிட்டதாக ஆகும்.

இரண்டு கேள்வி போதும்: இங்கே ஏற்கெனவே இருந்து கெட்டுப்போனது என்ன? சரிசெய்து கொடுத்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? புதிதாகக் கட்டுவதைவிடப் பழுது பார்ப்பது பெரும்பாலும் மலிவு. அதற்கு ஆதரவும் அதிகம்.

குடிநீர் இயந்திரம்

அதிகம் கொடுக்கப்படுவதும் அதிகம் வீணாவதும் இதுதான். வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதுதான் இந்தியக் குடிநீர்த் தரம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. மெட்ரோ வாட்டர் 500க்குள் வந்தால் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் தேவையே இல்லை, வண்டல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி, கிருமி கொல்லும் யு.வி. விளக்கு போதும். கடலோரத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால்தான் ஆர்.ஓ. வேண்டும். அப்போதும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் கிட்டத்தட்ட இன்னொரு குடம் கழிவுநீராக வெளியேறும். அதைக் கழிப்பறைத் தொட்டிக்குக் குழாய் போட்டுத் திருப்பாவிட்டால் தெரு சேறாகி, பக்கத்து வீட்டுக்காரரே மூடச் சொல்வார்.

வண்டல் வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆர்.ஓ.வில் உப்பை வடிக்கும் சவ்வான மெம்பிரேன் இரண்டு மூன்று வருடம் வரும். இயந்திரம் நிற்பதற்குப் பெரும்பாலும் இவை காரணமில்லை, ஈ.பி. பில்தான் காரணம். இணைப்பு யார் பெயரில், பில் யார் கட்டுவது, சாவி யாரிடம், அவருக்கு மாதம் எவ்வளவு என்ற நான்கையும் எழுதி முடித்த பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

எதற்குக் கொடுத்தாலும் கணக்கு ஒன்றே: 10 லட்சம் ஒதுக்கினால் வேலைக்கு 6 லட்சம், ஐந்து வருடப் பராமரிப்புக்கு 4 லட்சம். அந்த 4 லட்சம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். உங்கள் அடுத்த புராஜெக்ட் தள்ளாடினாலும் அதைத் தொடாதீர்கள்.

பள்ளிக்குக் கொடுக்கும்போது

மாநகராட்சிப் பள்ளியில் நேரே ஆளை இறக்கி வேலை செய்யக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் முதலில். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்பதால் உண்மையான தேவை அங்கேதான் வெளிவரும். பிறகு மாநகராட்சிக் கல்வித் துறை, மண்டல அலுவலக அனுமதி. வேலை முடிந்ததும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் இல்லாத பொருளை யாரும் பழுது பார்க்க மாட்டார்கள்.

கழிப்பறை என்றால் 40 பிள்ளைகளுக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். பெண் பிள்ளைகளின் பக்கத்தில் உட்புறத் தாழ்ப்பாள், துணி மாட்டக் கொக்கி, மூடியுள்ள குப்பைக் கூடை மூன்றும் கட்டாயம். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், இல்லாவிட்டால் கட்டிய அறையைப் பயன்படுத்த மாட்டார்கள். பூங்கா, பள்ளிக் கட்டடம் மாதிரிப் பெரிய வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள்: நீங்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும்.

எங்களைக் கேட்டால் வடசென்னைக்கு இப்போது மிகவும் தேவை படிக்க ஓர் இடம். ஒற்றை அறை வீட்டில் டிவியும் சமையலும் நடக்கும்போது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்காரும்? கொளத்தூரில் 2024இல் திறந்த, படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகம் மாதிரிப் பெரிதாக வேண்டியதில்லை. உங்கள் விற்பனை அலுவலகத்தை மாலை 6 முதல் 9 வரை திறந்துவிட்டு, மேசை, ஃபேன், வைஃபை, கழிப்பறை, பொறுப்பாக ஒரு பெண் ஊழியர் கொடுத்தாலே போதும்.

உதவித்தொகை தருவதானால் படிப்பு முடியும் வரை தாருங்கள். முதல் வருடம் மட்டும் கட்டிவிட்டு நிறுத்துவது அந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போனவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் பணம் அதில் அடங்காத தேர்வுக் கட்டணம், லேப்டாப், ஐ.டி.ஐ. கருவிப் பெட்டி ஆகியவற்றுக்குப் போகட்டும்.

விளையாட்டுக்கும் இதே நியாயம்தான். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஜெயித்த பிறகு மாலை போட ஆள் வரும். பயிற்சிக் காலத்தில் பலகைக்கும் பயணத்துக்கும்தான் ஆள் வேண்டும்.

மழைக்கு முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் கட்டுமான நிறுவனத்திடம் இருப்பது வேறு யாரிடமும் இருக்காது: டீசல் பம்பு, ஜெனரேட்டர், ஜே.சி.பி., தார்ப்பாய். செப்டம்பர் மாதமே அவற்றின் பட்டியலையும், இரவில் போனை எடுக்கும் ஒருவரின் எண்ணையும் மண்டல அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். பம்புக்கு 100 அடி ஹோஸும் இரண்டு நாள் டீசலும் தனியாக இருக்கட்டும். உங்கள் பேஸ்மெண்ட் தண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டு அந்தத் தெருவுக்கே உணவுப் பொட்டலம் கொடுக்கப் போகாதீர்கள். முதலில் அந்தக் குழாயை மழைநீர் வடிகாலுக்குத் திருப்புங்கள், அதுவும் மாநகராட்சிப் பொறியாளரைக் கேட்டு.