லண்டன் கிளம்பும் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு

இந்த லீவுக்கு ஊர் வந்திருந்தபோது, லண்டன் கிளம்பும் மூன்று பிள்ளைகள் எங்கள் வீட்டு வளவில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் கேள்வியே, "அண்ணே, இந்த விசாவுலயே பாரிஸ் போயிட்டு வந்துடலாமுல்ல?"

முடியாது தம்பி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்ததால்தான் முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஏற்பாடுதான் ஷெங்கன். ஒன்றியத்தின் உள்ளே இருந்த காலத்திலும் பிரிட்டன் அதில் சேரவே இல்லை. ரயில் டிக்கெட் போடுமுன் தனி விசா வாங்க வேண்டும்.

மாறியது வேறு. 2020 ஜனவரி 31-இல் வெளியேறி, அந்த வருஷக் கடைசியோடு பழைய விதிகளும் போனபின், வணிகம், ஆள்வரவு எல்லாவற்றையும் லண்டனே நாடு நாடாகப் பேசி முடிக்கிறது. புதிதாக வரும் போலந்துக்காரரும் இப்போது நம்மைப் போல வேலை விசா எடுக்க வேண்டும்.

2021 மே மாதம் இந்தியாவோடு செய்த உடன்பாட்டில் வந்ததுதான் இளம் தொழில்முறையாளர் விசா. 18 முதல் 30 வயது, பட்டப்படிப்பு, இரண்டு வருஷம், ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கல். பெயர் கொடுக்கக் காசே கிடையாது. என் சித்தப்பா மகன் "பேர் வர வைக்கிறேன்" என்ற ஓர் ஏஜெண்டிடம் இருபதாயிரம் கொடுத்தான். பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை.

கம்பெனி அனுப்பி வருகிறவர்கள் கவனியுங்கள். 2025 ஜூலை 24-இல் இரு நாடும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதோடு ஒட்டிப் பேசிய இன்னொரு உடன்பாடு: இங்கே பி.எஃப்., அங்கே சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் என்று இரட்டைப் பிடித்தம் வேண்டாம். அப்போது சொன்ன காலம் மூன்று வருஷம். அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து, "ரங்கூன் கடைக்குப் போற ஆளுக்கும் மூணு வருசக் கணக்குத்தானப்பா" என்றார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, அப்படி பர்மாவின் ரங்கூனுக்குப் போனவர். 1937-இல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தபோது கடையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். தேக்குத் தூண் வீட்டில் நிற்கிறது. பர்மாவில் இருந்த வயல் கைக்குத் திரும்பவில்லை. நம் உடன்பாட்டுக்கு வருவோம்: கையெழுத்து வேறு, அமல் வேறு. இரட்டைப் பிடித்தம் இல்லை என்பது உங்களுக்குப் பொருந்துமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லண்டனிலேயே நேரடியாக வேலையில் சேர்ந்தவருக்கு இது கிடையாது.

லண்டனே தனியாக முடிவெடுப்பது சமையல்கட்டு வரைக்கும் வருகிற சங்கதி. 2014 மே 1 முதல் பூச்சி இருக்கிறதென்று இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. உறுப்பு நாடு என்பதால் பிரிட்டனும் நிறுத்தியாக வேண்டியிருந்தது. இன்று அந்த முடிவு லண்டனுடையது. ஆனால் 2025 மே 19 உச்சி மாநாட்டில், உணவு, செடிகொடி விதிகளில் மறுபடி ஐரோப்பாவோடு சேர்ந்து போகலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். புடலங்காய் விலை ஏறினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் செய்தியையும் ஒரு பார்வை பாருங்கள்.

பெட்டியில் நெய்க் குப்பியை ஆச்சி வைத்தால் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். பால், இறைச்சிப் பொருள் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.