அம்புலிமாமா தொடர்கதைகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அம்புலிமாமா என்றதும் எல்லோரும் வேதாளத்தைத்தான் சொல்வார்கள். அதே இதழில் மாதாமாதம் ஓடிய நீண்ட மாயாஜாலத் தொடரைப் பற்றிப் பேச்சே இருக்காது. என்னைக் கேட்டால் அதுதான் உசத்தி. வேதாளம் ஒரு கேள்வி கேட்கும், பதில் வந்ததும் முருங்கை மரம் ஏறிவிடும். தொடரில் மந்திரவாதி, பாழடைந்த கோயில், ராட்சசன் என்று ஒரு வருஷத்துக்கும் மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். மொத்தமாகச் சேர்த்தால் முழு நாவல்.

நூலகப் பட்டியலில் ஆசிரியர் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எழுதியவர் பெயரை இதழில் போடவில்லை. இந்தத் தொடர்களை எழுதியவர் தாசரி சுப்ரமணியம். அம்புலிமாமாவின் தெலுங்குப் பதிப்பான சந்தமாமாவின் ஆசிரியர் குழுவில் இருந்தவர், 2010இல் காலமானார். 1954இல் ‘தோகசுக்க’ (வால்நட்சத்திரம்) என்ற தொடரில் ஆரம்பித்து எழுபதுகளின் பிற்பகுதிவரை எழுதினார். மற்ற மொழிப் பதிப்புகளுக்கு அங்கிருந்துதான் மொழிபெயர்ப்பு போனது. ஆகவே முதலில் தெலுங்குப் பக்கம் போங்கள். அங்கே வாசகர்கள் இந்தத் தொடர்களுக்கு அருமையாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். தெலுங்கு தெரியாவிட்டால் மொபைலிலேயே மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

பட்டியலில் கதைத் தலைப்பைவிடப் பாத்திரங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழிக்கு மொழி தலைப்பு மாறலாம், ஆள் பெயர் அவ்வளவாக மாறாது. ‘சிதிலாலயம்’ தொடரில் சிகிமுகி, விக்கிரமகேசரி. ‘யக்ஷ பர்வதம்’ என்றால் கட்கவர்மன், ஜீவதத்தன். ‘மாயா சரோவரம்’ என்றால் ஜயசீலன், சித்தசாதகன். ஏதோ ஒரு பழைய இதழில் இந்த ஜோடிகளில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், எந்தத் தொடர் என்று தெரிந்துவிடும்.

அதைவிட வேகமான வழி படம். இந்தத் தொடர்களுக்குப் பெரும்பாலும் வரைந்தவர் சித்ரா. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர், அவர் கை வேறு. இரண்டு மூன்று இதழ் பார்த்துவிட்டால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். எல்லா மொழிப் பதிப்பிலும் அதே படங்கள்தான் என்பதால், தெலுங்கு இதழில் பார்த்த படத்தைத் தமிழ் இதழில் அடையாளம் கண்டுகொள்ளலாம். நான் மொபைலில் படங்களை வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவேன்.

கடை என்றால் பழைய புத்தகக் கடை. சென்னையில் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதை, கோவையில் உக்கடம். தனி இதழ்களைவிட, யாரோ வீட்டில் பைண்டு பண்ணி வைத்த தொகுதி கிடைத்தால் விடாதீர்கள். வாங்கும்முன் தொடர் வரும் பக்கங்களை மட்டும் முழுதாகப் புரட்டுங்கள். படத்துக்காகப் பையன்கள் கத்தரிக்கோல் போட்டிருப்பது இந்தப் பக்கங்களில்தான். அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) என்ற இணைய நூலகம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அம்புலிமாமா என்று சேர்த்தும் பிரித்தும் போட்டுத் தேடுங்கள், சந்தமாமா என்றும் போடுங்கள். ஏற்றியவர் எந்தப் பெயரில் ஏற்றினாரோ! உரிமைக்காலம் முடியாத எழுத்து இது. வீட்டில் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அச்சடித்து விற்கும் யோசனை வேண்டாம்.

எல்லா இதழும் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முன்கதைச் சுருக்கம் இருக்கும். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் அடுத்த இதழின் சுருக்கமே பாலம் போட்டுவிடும். இரண்டு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் விட்டால்தான் தடுமாற்றம். அக்கா மகனுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த மாதிரி இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று அவனையே சொல்லச் சொல்வேன். “மாமா, முதலையை அவன் பழக்கிட்டான், அதான் இப்ப அது மேல உட்கார்ந்து வர்றான்” என்று படத்தைக் காட்டியே ஒரு அத்தியாயத்தை முடித்துவிடுவான்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான். “தொடரும்” வந்ததும் மூடிவிடுங்கள், என்ன கெஞ்சினாலும் சரி. மாதம் ஒன்றாகப் படிப்பதற்கென்று எழுதிய கதை இது. ஒரே மூச்சில் பத்துப் பகுதி படித்தால் சிறைபிடிப்பதும் தப்பிப்பதும் திரும்பத் திரும்ப வருவது உறுத்த ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம், பெண் பாத்திரங்களுக்கு இந்தக் கதைகளில் பெரிய வேலை கிடையாது. காட்டுவாசிகளைக் காட்டும் விதமும் அந்தக் காலத்து விதம்தான். நான் அந்த இடங்களைத் தாண்டிப் போவதில்லை, படித்துவிட்டு இது சரியா என்று கேட்பேன். கேட்கும் குழந்தை எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நரபலி வரும் பகுதிகளை மட்டும் நீங்கள் முதலில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.